சாருக்குக் காற்று ஆகாது

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சீனியர் வைஸ் பிரசிடெண்ட் அனந்தபத்மநாபனுக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று சைக்கிள் ஓட்டுவது. இன்னொன்று சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேசுவது. இரண்டில் எதை அவர் நன்றாகச் செய்வார் என்பது ஆபீஸ் சைக்கிள் அணியில் எல்லோருக்கும் தெரியும். அப்ரைசல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அப்ரைசல் வருஷா வருஷம் வந்துகொண்டே இருந்ததால் யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆபீஸ் கேன்டீனில் திரை கட்டி அவர் ஒரு தொடர் சொற்பொழிவு நடத்திவந்தார். 'போருக்குப் பின் பந்தயம்' என்பது தலைப்பு. சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள் மூன்றும் அதில் அடக்கம். வருகிறவர்களுக்கு சமோசா உண்டு.

"நாற்பத்தஞ்சுல ஐரோப்பாவே இடிஞ்சு கிடக்கு. ரோடு கிடையாது, பாலம் கிடையாது. அந்த நேரத்துல மனுஷனை மறுபடி நிமிர்ந்து உக்கார வெச்சது எது? சைக்கிள்!" என்பார்.

"பந்தயத்துல குனிஞ்சுதானே சார் உக்காருவாங்க?" என்று ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் கேட்டுவிட்டான். அடுத்த மாதம் அவன் வேறு டீமில் இருந்தான்.

இத்தாலியப் பந்தய வீரர்கள் இரண்டு பேர், பரம எதிரிகள், மலையேற்றத்தில் ஒரே தண்ணீர் பாட்டிலைக் கை மாற்றிக்கொள்ளும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இத்தாலிக்காரர்களே எழுபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். அனந்தபத்மநாபனுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "சீனியர்தான் கொடுத்தார். பார்த்தாலே தெரியலையா?" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்.

இந்தச் சொற்பொழிவை சமோசாவுக்காக அல்லாமல் நிஜமாகவே கேட்க வந்த ஒரே ஆள் டேரில். சம்பளப் பட்டுவாடாப் பிரிவில் டீம் லீட். அல்சூர் பக்கம் மர்பி டவுன்காரன். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் கடைசியாக வந்து ஜெயித்தவன். பிறகுதான் தன்னால் வேகமாகவும் ஓட்ட முடியும் என்று கண்டுபிடித்தான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. பெல்ஜியத்தில், கருங்கல் பதித்த அந்தப் பழைய ஃப்ளாண்டர்ஸ் சாலைகளில், எலும்பு அதிர அதிர ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும். போனில் அந்தப் பந்தயங்களை அவன் பார்க்கிற பார்வையைக் கண்டால் அவன் மனைவி நோராவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கல்லு ரோட்டுக்கு எதுக்குடா பெல்ஜியம்?" என்பாள். ஸ்கூல் டீச்சர், வகுப்பறையிலிருந்து கொண்டுவந்த குரல். "அல்சூர் பக்கம் எங்க வேணா தோண்டிப் போட்டிருக்கான். போய் ஓட்டிட்டு வா. எலும்பு தானா ஆடும்."

டேரிலின் தொடையைப் பார்த்த அன்றே அனந்தபத்மநாபன் அவனை அணிக்கு இழுத்துக்கொண்டார். இழுத்த கையோடு அவனுக்காகவே ஒரு சொற்பொழிவு நடத்தினார். பந்தயத்தில் எதிரி பக்கத்தில் ஓட்டுகிறவன் இல்லை, காற்றுதான். முன்னால் ஒருவன் காற்றை உடைத்துக்கொண்டு போனால், அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிரமம் குறையும். அப்படித் தலைவனுக்காகக் காற்றை உடைக்கிறவனுக்குத்தான் தொமெஸ்தீக் என்று பெயர்.

"பிரெஞ்சுல வேலைக்காரன்னு அர்த்தம். ஆனா நாம அந்த அர்த்தத்துல எடுத்துக்கக் கூடாது."

"வேற எந்த அர்த்தத்துல சார் எடுத்துக்கணும்?" என்றான் டேரில்.

"தியாகி."

அதற்கு உதாரணமும் தயாராக இருந்தது. ஐம்பத்தாறாம் வருஷம், இத்தாலியில் மோன்சா கார்ப் பந்தயம். இளம் இங்கிலாந்துக்காரன் ஒருவன், தானே உலக சாம்பியன் ஆகக்கூடிய நிலைமை, தலைவருடைய வண்டி படுத்துவிட்டது என்று தெரிந்ததும் தன் காரை விட்டு இறங்கிச் சாவியைக் கொடுக்காத குறையாகக் காரையே கொடுத்துவிட்டான். தலைவர் சாம்பியன் ஆனார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அனந்தபத்மநாபனுக்குக் கண் கலங்கும். காரைக் கொடுத்தவனை நினைத்தா, வாங்கிக்கொண்டவரை நினைத்தா என்று தெரியாது.

"ஆனா தலைவனுக்கும் ஒரு தர்மம் இருக்கு," என்றார் அன்றைக்கு. மேடையிலிருந்து இறங்கி வந்து டேரிலின் தோளில் கை போட்டார். "வருஷம் பூரா உழைச்சவனுக்கு ஒரு நாள் தலைவன் திருப்பிக் கொடுக்கணும். சீசன் கடைசியில கார்ப்பரேட் கோப்பை வருது, நந்தி மலை அடிவாரத்துல. ஜெயிக்கிறவனை ஸ்பான்சர் பெல்ஜியம் அனுப்பறான். டேரில், அன்னிக்கு உனக்கு நான் காத்தை உடைக்கறேன். அந்தக் கோப்பை உன்னுது."

எல்லோரும் கைதட்டினார்கள். டேரில் அன்று வீட்டுக்கு வந்து, நோரா தூங்கும்வரை கருங்கல்லைப் பற்றியே பேசினான்.

அந்த வருஷம் முழுக்க டேரில் காற்றை உடைத்தான். ஞாயிற்றுக்கிழமைக் காற்று, ஏரிக் காற்று, தேவனஹள்ளி மொட்டைவெளியில் அடிக்கிற எதிர்க்காற்று. அவன் முதுகுக்குப் பின்னால், டிபன் கேரியரைவிடக் கொஞ்சமே கனமான ஒரு கார்பன் சைக்கிளில், அனந்தபத்மநாபன் சொகுசாக வந்தார். கோடு நெருங்கும்போது பக்கவாட்டில் வெளியே வந்து முன்னால் போவார். முடிவுப் பட்டியலில் சார் மூன்றாவது, நான்காவது. டேரில் அங்கே எங்கேயோ, அட்டையில் பெயர் விட்டுப்போகிற இடத்தில்.

பந்தயக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவனுக்கு மூச்சு முட்டினால் முழங்கையை ஒரு சொடுக்குச் சொடுக்குவான். 'என் முறை முடிந்தது, நீ முன்னால் வா' என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் பேசாமல் முன்னால் போக வேண்டும். கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாற்றி மாற்றிச் செய்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆபீஸ் அணியில் அது கொஞ்சம் திருத்தப்பட்டிருந்தது. போட்டோக்காரர் நிற்கிற வளைவில் சார் முன்னால் வருவார். போட்டோ எடுத்ததும் முழங்கை சொடுக்கும். டேரில் முன்னால் போவான். இது எத்தனை தடவை நடந்ததென்றால், ஆபீஸ் லிஃப்டில் சார் முழங்கையைச் சொறிந்தால்கூட டேரில் ஒரு அடி முன்னால் வைத்தான்.

நடுவில் டேரில் ஒரு நல்ல காரியமும் செய்தான். நோராவின் தம்பி கிளெமென்ட் அதே நிறுவனத்தில் டெஸ்டிங்கில் இருந்தான். நல்ல கால் பலம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை படுக்கை. அவனை எழுப்பி, தன் பழைய சைக்கிளைக் கொடுத்து, சாரிடம் கூட்டிப்போய், "என் மச்சான் சார், நல்லா மிதிப்பான்" என்று அணியில் சேர்த்துவிட்டான். அனந்தபத்மநாபன் கிளெமென்டின் தொடையையும் பார்த்தார். "குட்," என்றார்.

கார்ப்பரேட் கோப்பை அன்று நோராவும் வந்திருந்தாள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவரை ஒரு பந்தயத்துக்கும் வந்தவள் இல்லை. "ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சிருக்கறப்பவாவது வந்து பாக்கறேன்," என்றிருந்தாள்.

திட்டம் எளிமையானது. டேரில் நடுவழியில் வேகத்தைக் கூட்டிக் கூட்டத்தை உடைக்க வேண்டும். சாரும் கிளெமென்டும் அவன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வருவார்கள். கடைசி வளைவு தாண்டியதும் சார் முன்னால் வந்து காற்றை உடைப்பார். கோடு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் டேரில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பாய்வான். சார் இதை வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தார்.

கூட்டம் உடைந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் டேரில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்த மிதியில், மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் பின்னால் புள்ளியாகிப் போனார்கள். முன்னால் மூன்றே பேர், மூன்று பேரும் ஒரே ஜெர்ஸி. கடைசி வளைவு வந்தது. சொன்னபடியே சார் முன்னால் வந்தார். டேரில் அவர் பின்சக்கரத்தை ஒட்டினான். ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் காற்று இல்லை. இவ்வளவு சுகமா இது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தூரத்தில் வாழைமரம் கட்டிய முடிவுத் தோரணம் தெரிந்தது. நோராவின் மஞ்சள் துப்பட்டாகூடத் தெரிந்தது.

அப்போது சாரின் முழங்கை சொடுக்கியது.

சீக்கிரம். ரொம்ப ரொம்பச் சீக்கிரம். கோடு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. இங்கிருந்து தனியாகக் காற்றில் போனால் யாருக்கும் கால் செத்துப்போகும். இது டேரிலின் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் மூளையை யார் கேட்டார்கள்? ஒரு வருஷமாக அந்த முழங்கைக்குப் பழகிய கால்கள் ஏற்கெனவே அவனை முன்னால் கொண்டுபோய்விட்டிருந்தன. காற்று முகத்தில் அறைந்தது. திரும்பி வர முடியாது, நின்றால் அவ்வளவுதான். சரி, கோடுவரை இழுத்துப் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

தொடை எரிய ஆரம்பித்தபோது வலப்பக்கம் ஒரு நிழல் வந்தது. பழக்கமான சைக்கிள். அவனுடைய பழைய சைக்கிள். அதன்மேல் கிளெமென்ட், வாயைப் பிளந்துகொண்டு, அவன் பக்கம் திரும்பாமல். கிளெமென்டின் பின்சக்கரத்தோடு பசை போட்டது மாதிரி சார்.

"டேய் மச்சான்!" என்று கத்தினான் டேரில்.

மச்சான் திரும்பவில்லை. கோட்டுக்குச் சற்று முன்னால் பவ்யமாக ஒதுங்கி வழிவிட்டான். அனந்தபத்மநாபன் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியபடி, ஐரோப்பியப் புகைப்படங்களில் இருப்பது போலவே, கோட்டைத் தாண்டினார். வழிவிட்டுத் தளர்ந்த கிளெமென்டைத் தாண்டி டேரில் இரண்டாவது. பெல்ஜியத்துக்கு இரண்டாவது ஆள் போவதில்லை.

"சைட் ஹோகி ஸார், சைட்!" என்று கன்னடத்தில் சொல்லி ஒரு தொண்டர் டேரிலைப் போட்டோவிலிருந்து ஒதுக்கினார்.

டேரில் சைக்கிளைப் போட்டுவிட்டு சாரிடம் போனான். மூச்சு இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"சார்... இது என்னுதுன்னு சொன்னீங்க."

"கண்ணா! என்ன ஒரு இழுப்பு! என்ன ஒரு இழுப்பு!" சார் அவனைக் கட்டிக்கொண்டார். அவர் ஜெர்ஸியில் வியர்வையே இல்லை.

"முழங்கையை ஆட்டினீங்க சார். அங்கேயே."

"ஆட்டினேன். நீ வந்தே. அதான் அழகு."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே சார்."

"சொன்னேன். சொன்னப்ப மனசாரத்தான் சொன்னேன். ஆனா பந்தயத்துல மனசு பேசாது, காலுதான் பேசும். என் காலு நான் சொன்னா கேக்கலை. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" அதற்குள் மைக் வந்துவிட்டது. அனந்தபத்மநாபன் மைக்கில் மோன்சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கிளெமென்ட் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நோரா அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"உன்னை இந்த டீம்ல சேர்த்துவிட்டது யாருடா?"

"மாமாதான்க்கா."

"அந்த சைக்கிள் யாருது?"

"மாமாவோடதுதான். அக்கா, இது ஆபீஸ் விஷயம். சார் ப்ளான் மாத்திட்டாரு. நான் சின்ன ஆளு. அடுத்த வருஷம் எனக்குக் காத்தை உடைக்கறேன்னிருக்காரு."

நோரா அவனை அறைந்திருப்பாள். பக்கத்தில் அவள் ஸ்கூலில் படிக்கிற பிள்ளையின் அப்பா நின்றுகொண்டிருந்ததால் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க டேரில் கம்பெனி கேப் வண்டியில் போனை வைத்துக்கொண்டு பந்தய வரலாற்றைத் தோண்டினான். சார் தாண்டிப்போன ஸ்லைடுகள் எவ்வளவோ இருந்தன. அறுபதுகளில் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டி ஒன்றில், கூடவே வந்த சொந்த நாட்டுக்காரனே கடைசிக் கணத்தில் தலைவனைத் தோற்கடித்திருக்கிறான். எண்பத்திரண்டில் இத்தாலியில் ஒரே அணியின் இரண்டு சிவப்புக் கார்கள். இருவரும் இதே வரிசையில் மெதுவாகப் போய் முடிக்கலாம் என்று நம்பியிருந்தவனைக் கடைசிச் சுற்றில் மற்றவன் முந்தியிருக்கிறான். ஏமாந்தவன் அதற்குப் பிறகு செத்துப்போகும்வரை அவனோடு பேசவில்லை. தனக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததில் டேரிலுக்கு ஒரு அற்ப ஆறுதல் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மெயில் வந்தது. சனிக்கிழமை வெற்றி விழா. குடும்பத்தோடு வரவும். டேரிலுக்கு 'தியாகச் செம்மல்' விருதும் பொன்னாடையும்.

"போகாதே," என்றாள் நோரா.

"போவேன். மைக் கொடுப்பாங்க இல்ல? அப்ப எல்லார் முன்னாடியும் சொல்றேன். பொன்னாடை வேணாம் சார், கொடுத்த வாக்கைக் கொடுங்கன்னு கேக்கறேன்."

நோரா அவன் பக்கம் திரும்பினாள். "கேப்பியா?"

"கேப்பேன்."

"அப்ப நானும் வர்றேன்."

சனிக்கிழமை நோராவோடு கேப் வண்டியில் போகும்போது மேம்பாலம் முழுக்க ஒத்திகை பார்த்தான். "எனக்கு இது அவமானம் சார்" என்று ஒரு இடம் வந்தது. அதைச் சத்தமாகவே சொன்னான். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சூப்பர் சார், அப்படியே சொல்லுங்க," என்றார்.

கேன்டீன் நிரம்பியிருந்தது. திரையில் சார் கைகளைத் தூக்கிய படம், ஆளுயரத்துக்கு. சாரின் மனைவி கோமளம் பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை போர்த்தினார்கள். பித்தளைக் கேடயம் கொடுத்தார்கள். டேரில் மைக்கை நோக்கி ஒரு அடி வைத்தபோது, சார் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார்.

"ஒரு சர்ப்ரைஸ். பெல்ஜியத்துக்கு நான் மட்டும் போகலை. எந்தப் பெரிய வீரனும் தனியாப் போனதில்லை. பாட்டில் கொடுக்க, சைக்கிள் கழுவ, காலுக்கு மசாஜ் பண்ண ஒரு ஆள் கூடவே இருப்பான். சொய்ஞர்னு பேரு. ரொம்ப மரியாதையான பதவி. நம்ம டேரில் என் சொய்ஞரா வர்றான்! கம்பெனி அனுப்புது!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. கோமளம் மேடைப் பக்கம் எட்டி, டேரிலிடம் ரகசியமாகச் சொன்னாள்: "நல்லெண்ணெய் மட்டும் தேய்ச்சுடாதேப்பா, அவருக்குச் சளி பிடிக்கும். தேங்காயெண்ணெய் நான் பேக் பண்ணிக் கொடுத்துடறேன்."

டேரில் கைக்கு மைக் வந்தது. தோளில் பொன்னாடை சரிந்தது. எதிரே மூன்றாவது வரிசையில் நோரா, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவமானம் என்கிற வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே கருங்கல் சாலையும் வந்தது, மழையில் நனைந்து பளபளத்துக்கொண்டு. ஓட்ட முடியாவிட்டால் என்ன, ஓரத்தில் நின்று பார்க்கலாமே. வாளியும் துணியுமாக நின்றால்தான் என்ன.

"தேங்க் யூ சார்," என்றது அவன் வாய். "எல்லாம் சார் கொடுத்த வாய்ப்பு."

மறுபடி கைதட்டல். அது அடங்கியபோது மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தான். கேடயத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"நோரா, கல்லைப் பாக்கலாம் இல்ல. பாத்தாலே போதும் எனக்கு."

"பாக்கலாம். கழுவவும் கழுவலாம்."

"உனக்குப் புரியாது. அங்க போனா ஏதாவது ஒரு வழி..."

"கிளெமென்ட் என் தம்பி. துரோகி. சரி, அவனை நான் ஏசிடுவேன், ஏசி முடிச்சதும் மன்னிச்சுடுவேன். நீ கேக்கறேன்னு சொன்னியே, டேரில். அதை நம்பித்தான் நான் வந்தேன். இந்தப் புடவையை உனக்காகக் கட்டிக்கிட்டு வந்தேன்." பஸ் வந்தது. அவள் பெண்கள் பக்கம் ஏறிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இருவரும் சர்ச்சில் பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில் கிளெமென்ட் வாசலில் நின்றான். கையில் ரஸ்ஸல் மார்க்கெட் கறி, சமாதானத்துக்கு. நோரா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குக்கர் விசில் அடிக்கும்வரை ஆண்கள் இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அணைந்திருந்தது.

"மாமா, கோவமா?"

"இல்லடா."

"நான் பண்ணது தப்புதான். ஆனா உங்களுக்கு பெல்ஜியம் கிடைச்சிடுச்சு இல்ல? ஒருவகையில பாத்தா நல்லதுதான்."

"ஆமாண்டா."

கிளெமென்ட் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "மாமா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்குத்தான் சாரை நல்லாத் தெரியும். அடுத்த வருஷம் எனக்குன்னு சொல்லியிருக்காரே, செய்வாரு இல்ல?"

டேரில் ரிமோட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

"உங்களுக்கு மேடையில, எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அது ஒரு பேச்சுக்கு. எனக்குத் தனியா, கார்ல வெச்சு, கையைப் பிடிச்சுச் சொன்னாரு மாமா. அது வேற இல்ல?"

நோரா மூன்று தட்டுகளோடு சமையலறை வாசலில் நின்றாள். டேரில் அவளைப் பார்த்தான், பிறகு கிளெமென்டைப் பார்த்தான். நம்பிக்கையில் பளபளக்கிற அந்த முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்று மேடையில் வராத வார்த்தை. இங்கே மேடைகூட இல்லை.

"கண்டிப்பாச் செய்வாருடா," என்றான் டேரில். "வருஷம் பூரா நீ மட்டும் அவர் முன்னாடி நல்லா மிதி. கேள்வி கேக்காதே."

கிளெமென்டின் முகம் மலர்ந்தது. நோரா இரண்டு தட்டுகளை மேஜையில் வைத்தாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நீ சாப்பிடு." டேரில் மச்சானின் தட்டில் கறியை அள்ளி வைத்தான், நல்ல துண்டுகளாகப் பார்த்து. "இன்னும் ரெண்டு போட்டுக்கடா. கால்ல பலம் வேணும் இல்ல."